‘கையோட அடுத்ததையும் பெத்துட்டு ஆபரேசன் பண்ணிக்க கண்ணு’

கடிதம் எழுதிய சகோதரிக்கு 28 வயது. கொங்குப் பகுதியில் ஒரு சிற்றூரில் மாமனார், மாமியாரோடு கூட்டுக் குடும்பமாக இருக்கிறார். சிசேரியனில் பிறந்த பெண் குழந்தைக்கு இப்போது ஏழு மாதம். பி.எட். படிப்பில் ஒரு வருடம் பாக்கி இருக்கிறது. அதை முடித்துவிட்டு, பாப்பாவுக்கு மூன்று வயதான பிறகு அடுத்த குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்பது இவர் எண்ணம். ‘கையோட அடுத்ததையும் பெத்துட்டு ஆபரேசன் பண்ணிக்க கண்ணு, அப்புறம் ஒரு கவலையும் இல்லை’ என்கிறார் மாமியார். அவர் இரண்டு பிள்ளைகளையும் 14 மாத இடைவெளியில் பெற்று, 22 வயதிலேயே ஆபரேஷன் செய்துகொண்டவர். அடுத்தது பையனாக இருக்கும் என்ற நம்பிக்கையும் அவருக்கு இருக்கிறது.

கரு தங்காமல் இருக்கக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர்-டியைப் போட்டுக்கொள்ளலாமா என்று பெற்ற அம்மாவிடம் கேட்டால், அவர் அழுதுவிட்டாராம். இவர் கைக்குழந்தையாக இருந்தபோது தடுப்பூசி போடப் போன இடத்தில், ‘உள்ளே ஒரு சோதனை பண்ணணும்’ என்று படுக்கவைத்து லூப் (அதுவும் கர்ப்பப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம்தான்) போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அம்மாவுக்கு விஷயமே தெரியாது. இரண்டு வருடம் ரத்தப்போக்கோடு அலைந்த பிறகு வேறொரு மருத்துவர்தான் கண்டுபிடித்து எடுத்திருக்கிறார். அதற்கப்புறம் அவருக்குக் குழந்தையே தங்கவில்லை. இவர் ஒரே மகள். பக்கத்து வீட்டில் ஒருவர், காப்பர்-டி நெஞ்சுவரை ஏறிவிடும் என்றும் சொல்லியிருக்கிறார். கணவர் நல்லவர்தான், ஆனால் ஆணுறை பிடிக்காது. ‘அம்மா சொல்றதும் சரிதானே’ என்பதோடு பேச்சை முடித்துக்கொள்கிறார். யாருக்கும் தெரியாமல் ஏதாவது போட்டுக்கொள்ளலாமா, கணவர் கையெழுத்து கேட்பார்களா என்பது இவருடைய கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

நான்கு பக்கக் கடிதத்தில் என்னைச் சட்டென்று நிறுத்தியது ஓரத்தில் நீங்கள் எழுதியிருந்த ஒரு வரி: ‘இன்னும் மாதவிலக்கு வரவில்லை, பால் கொடுக்கிறேன், அவரும் கவனமாகத்தான் இருக்கிறார், அதனால் இப்போதைக்குப் பயமில்லை.’ மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம். இதற்கு மட்டும் இன்றைக்கே பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் ஒரு சிறுநீர் சோதனை

தாய்ப்பால் கொடுப்பது கருத்தரிப்பைத் தள்ளிப்போடும் என்பது உண்மைதான். நம் பாட்டிமார் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்திருக்கக் கூடாது. பகலும் இரவும் தாய்ப்பால் தவிர வேறு எதுவும் கொடுத்திருக்கக் கூடாது. மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் சேர்ந்திருக்கும்வரை நூற்றில் 98 பேருக்கு அது காவலாக இருக்கும். உங்கள் பாப்பாவுக்கு ஏழு மாதம். ராகிக் கூழ் ஆரம்பித்துவிட்டீர்கள், ராத்திரியில் தொடர்ந்து ஆறு மணி நேரம் தூங்குகிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காவல் முடிந்துவிட்டது.

மாதவிலக்கு வந்த பிறகுதானே கரு தங்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். முட்டை வெளிவருவது முதலில், மாதவிலக்கு அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான். அந்த முதல் முட்டையிலேயே கரு உண்டாகிவிட்டால் மாதவிலக்கைப் பார்க்கவே மாட்டீர்கள். ‘பால் கொடுக்கறதால நின்னிருக்குன்னு நினைச்சேன் டாக்டர்’ என்று நான்கு மாத வயிற்றோடு என் முன்னால் உட்கார்ந்த அம்மாக்கள் பலர். அப்புறம் கணவரின் ‘கவனம்’. கடைசி நேரத்தில் விலகிக்கொள்வதை மட்டும் நம்பியிருக்கும் 100 தம்பதிகளில் சுமார் 20 பேருக்கு ஒரு வருடத்துக்குள் கரு தங்கிவிடுகிறது.

அதனால் நாளைக்குக் காலையில் முதல் சிறுநீரில், கர்ப்பமா என்று பார்க்கும் கார்டு சோதனை செய்துவிடுங்கள். ஒரு கோடு வந்தால் கர்ப்பம் தெரியவில்லை என்று அர்த்தம்; அன்றிலிருந்து ஆணுறை இல்லாமல் வேண்டாம் என்று கணவரிடம் உறுதியாகச் சொல்லுங்கள். மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். போன வாரம் உண்டான கரு நாளைய கார்டில் தெரியாது. இரண்டு கோடு, அதாவது கர்ப்பம் என்று வந்தால் பதற வேண்டாம். ஆனால் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கலைத்துக்கொள்ளும் வேலை மட்டும் கூடவே கூடாது. சிசேரியன் தழும்பு உள்ள கர்ப்பப்பையில் கரு எங்கே ஒட்டியிருக்கிறது என்பதை முதலில் ஸ்கேனில் பார்க்க வேண்டும். கருத்தடைக்கு ஏதாவது முறையைக் கையாண்டும் அது தவறி உண்டான கர்ப்பத்தை, 20 வாரம்வரை ஒரு மருத்துவரின் ஒப்புதலோடு கலைக்கச் சட்டம் இடம் தருகிறது. 18 வயது முடிந்த பெண் என்றால் அவருடைய சம்மதம் மட்டும் போதும். கலைப்பதா, தொடர்வதா என்பதை மருத்துவரோடு உட்கார்ந்து நீங்கள் முடிவு செய்யலாம்.

அம்மா ஏன் அழுதார்

‘அம்மா படிக்காதவர், மூடநம்பிக்கை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் நான் உங்களோடு உடன்படவில்லை. கேட்காமல், சொல்லாமல் அவர் உடம்புக்குள் ஒரு பொருளை வைத்து அனுப்பியிருக்கிறார்கள். போடுவதற்கு முன்னால் தொற்று இருக்கிறதா என்று பார்த்திருப்பார்களா? சந்தேகம்தான். தொற்று இருக்கும்போது போட்டால், அது மேலே ஏறிக் கர்ப்பக் குழாயை அடைக்கக்கூடும். அதனால் ‘அதுக்கப்புறம் எனக்குத் தங்கவே இல்லை’ என்று அவர் சொல்வதை நான் சும்மா தள்ளிவிட மாட்டேன். அது அவர் பட்டது. தான் பட்டது மகளுக்கும் வந்துவிடுமோ என்றுதான் அழுதிருக்கிறார்.

நம் ஊரில் திரும்பத் திரும்ப நான் பார்ப்பது இதுதான். மீள முடியாத ஆபரேஷனை எல்லோரும் நம்புகிறார்கள். வேண்டாம் என்றால் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடக்கூடிய காப்பர்-டியைக் கண்டு நடுங்குகிறார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் திருமணமான பெண்கள் 100 பேரில் ஏறக்குறைய 58 பேர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். இந்திய அளவில் அது 38. இந்தியாவில் ஆபரேஷன் செய்துகொண்ட ஆண்களோ 100-க்கு ஒருவர்கூட இல்லை. 1952-லேயே குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக அறிவித்த நாடு நம்முடையது. 1965-ல் லூப் வந்தது. இத்தனை பேருக்குப் போட வேண்டும் என்று ஊழியர்களுக்கு எண்ணிக்கை நிர்ணயித்தார்கள். அந்த எண்ணிக்கை முறையை 1996-ல் அரசே கைவிட்டது. ஆனால் கேட்டுவிட்டுப் போடும் பழக்கம் எல்லா இடத்திலும் உடனே வந்துவிடவில்லை. உங்கள் அம்மா பட்ட கஷ்டம் அந்த வரலாற்றில் ஒரு துண்டு.

இனி பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது. என் மேஜை டிராயரில் எப்போதும் ஒரு காப்பர்-டி வைத்திருப்பேன். பயத்தோடு வரும் அம்மாக்களின் உள்ளங்கையில் அதை வைப்பேன். தீக்குச்சியைவிடக் குட்டையான ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு. தண்டிலும் இரண்டு கைகளிலும் மெல்லிய செம்பு. அடியில் இரண்டு நூல். கைகளை மடக்கிப் பார்ப்பார்கள், விட்டால் பழையபடி விரியும். ‘இவ்வளவுதானா?’ என்பார்கள். அதிலிருந்து கசியும் செம்பு விந்தணுவைச் செயலிழக்கச் செய்கிறது. கரு உண்டாகவிடாமல் தடுப்பதுதான் அதன் முக்கியமான வேலை. அதனால் ‘உண்டான கருவை மாசாமாசம் அழிக்கும்’ என்று சிலர் சொல்வதும் சரியில்லை. கர்ப்பப்பைக்கும் நெஞ்சுக்கும் வழி கிடையாது. மிக அரிதாக, போடும்போது கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்து வயிற்றுக்குள் போய்விடலாம். ஆயிரம் பேருக்குப் போட்டால் ஒருவருக்கு நடக்கும் விஷயம். பால் கொடுக்கும் காலத்தில் அந்த வாய்ப்பு சற்றுக் கூடுதல், அப்போதும் அரிதுதான். அனுபவமுள்ளவர் போட வேண்டும், ஆறு வாரம் கழித்து நூலைப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது அதனால்தான்.

உங்களுக்கு எது பொருந்தும்

நீங்கள் விரும்பும் இடைவெளி மருத்துவ ரீதியிலும் சரியானது. ஒரு பிரசவத்துக்குப் பிறகு அடுத்த கரு தங்க குறைந்தது 24 மாதமாவது போகட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிசேரியன் ஆனவர்களுக்கு அது இன்னும் முக்கியம். சீக்கிரமே மறுபடி கர்ப்பமானால் பிரசவ நேரத்தில் பழைய தழும்பு விட்டுக்கொடுக்கும் ஆபத்து கூடும். உங்கள் கடிதத்தில் இன்னொன்றும் இருக்கிறது: பிரசவத்தின்போது ஹீமோகுளோபின் 9.2. தமிழ்நாட்டில் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தச்சோகை உள்ளவர்கள் என்பதால் நீங்களும் அதைச் சாதாரணமாக எழுதிவிட்டீர்கள். எனக்கு அது முக்கியம். முறையைத் தேர்ந்தெடுப்பதே அந்த எண்ணைப் பார்த்துத்தான்.

காப்பர்-டி போட்ட முதல் மூன்று முதல் ஆறு மாதம் மாதவிலக்கில் ரத்தப்போக்கும் வலியும் கூடும். ஏற்கெனவே ரத்தம் குறைந்தவருக்கு இது சிரமம். போடவே கூடாது என்றில்லை. ஆனால் இப்போது ஒரு முறை ஹீமோகுளோபின் பாருங்கள். 11-க்கு மேல் வந்திருந்தால் காப்பர்-டி உங்களுக்கு நல்ல தேர்வு. ஒரு வகை ஐந்து வருடம், இன்னொரு வகை பத்து வருடம் வேலை செய்யும். முதல் வருடத்தில் 100 பேரில் ஒருவருக்குக்கூடத் தவறுவதில்லை. எடுத்த மாதமே கரு தங்கலாம். புற்றுநோய் வராது, பால் குறையாது. அரசு மருத்துவமனையில் இலவசம். காய்ச்சல், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், அடிவயிற்றில் கடும் வலி, நூல் தட்டுப்படாமல் போவது, நாள் தள்ளிப்போவது: இதில் எது வந்தாலும் காத்திருக்காமல் காட்ட வேண்டும்.

ரத்தம் இன்னும் குறைவாக இருந்தால் நான் முதலில் அந்தராவைச் சொல்வேன். மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. 2017-லிருந்து அரசுத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பால் கொடுப்பவர்கள் பிரசவமாகி ஆறு வாரத்துக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, ஒத்தடமும் கூடாது. முதல் சில மாதம் திட்டுத்திட்டாகப் படும், அப்புறம் மாதவிலக்கே நின்றுபோகலாம். கெட்ட ரத்தம் உள்ளே தேங்குகிறது என்று பயப்பட வேண்டாம். கர்ப்பப்பையின் உள்சுவர் தடிப்பதில்லை, அதனால் வெளியேற எதுவும் இல்லை, அவ்வளவுதான். ரத்தச்சோகை உள்ளவருக்கு அது ஒரு வகையில் லாபம். குறையும் உண்டு. சிலருக்கு எடை கூடும். ஊசியை நிறுத்தினால் கரு தங்க ஏழெட்டு மாதம், சில நேரம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவும் ஆகும். நீங்கள் மூன்று வயது இடைவெளி என்று கணக்குப் போட்டிருப்பதால், அதற்குத் தகுந்தாற்போல் முன்கூட்டியே நிறுத்திக்கொள்ளலாம்.

மாத்திரைதான் வேண்டும் என்றால் சாயா இருக்கிறது. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவானது, ஹார்மோன் இல்லாதது, பாலைப் பாதிக்காது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒன்று. பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி), கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு இது ஆகாது. தினசரி போடும் மாலா-என் போன்ற மாத்திரைகளைப் பால் கொடுப்பவர்களுக்கு ஆறு மாதத்துக்கு முன் தருவதில்லை. நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். ரத்த அழுத்தம், பார்வை மங்கலோடு வரும் ஒற்றைத் தலைவலி, ரத்தக்கட்டி வந்த வரலாறு இருந்தால் வேண்டாம். ‘மாத்திரை போட்டால் மலடாகிவிடும்’ என்பதில் துளியும் உண்மை இல்லை.

கையெழுத்து யாருடையது?

உங்களுடையது. காப்பர்-டி, ஊசி, மாத்திரை எதற்கும் கணவரின் சம்மதம் சட்டப்படி தேவையில்லை. ஆபரேஷனுக்குக்கூடத் துணைவரின் சம்மதம் கட்டாயமில்லை என்றுதான் மத்திய அரசின் விதிமுறை சொல்கிறது. பிள்ளை பெறுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2009-ல் சொல்லியிருக்கிறது. இருந்தும் சில இடங்களில் ‘வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா’ என்பார்கள். ‘எனக்கு 28 வயது, நானே கையெழுத்துப் போடுகிறேன்’ என்று நீங்கள் தயங்காமல் சொல்லலாம்.

தெரியாமல் போட்டுக்கொள்வதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், உடம்பு உங்களுடையது. ஆனால் நடைமுறையை யோசியுங்கள். நீங்கள் எழுதியபடி உங்கள் வீட்டில் மாதவிலக்கு நாளில் தனியாக உட்கார வேண்டும், அத்தைக்கு எல்லா மாதமும் கணக்கு தெரியும். அந்தரா போட்டு நான்கு மாதம் மாதவிலக்கு வராவிட்டால் அவர் என்ன நினைப்பார்? மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று ஊருக்கே சொல்லிவிடுவார். காப்பர்-டி என்றால் ரத்தப்போக்கு கூடும். நடுராத்திரியில் வலியோ காய்ச்சலோ வந்தால் உண்மையைச் சொல்லத் தயங்கி நாளைக் கடத்துவீர்கள். எனக்குக் கவலை அங்கேதான். அதனால் கணவருக்காவது தெரிந்திருப்பது நல்லது. ஆனால் அவர் ‘சரி’ சொல்லும்வரை பாதுகாப்பைத் தள்ளிப்போடாதீர்கள். சொன்னால் அடிப்பார், வீட்டைவிட்டு அனுப்பிவிடுவார் என்ற பயம் ஏதாவது இருந்து, அதை எழுதத் தயங்கியிருந்தால், விஷயமே வேறு. அப்போது ரகசியமாகவே செய்துகொள்ளுங்கள். மருத்துவரிடம் மட்டும் சொல்லிவிடுங்கள், அவர் வெளியே சொல்லக் கூடாது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணும் இருக்கிறது.

அத்தையும் அவரும்

உங்கள் அத்தை கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் காலத்தில் பெண்ணுக்குக் கிடைத்த ஒரே நிம்மதி அந்த ஆபரேஷன்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் பயந்து நாள் எண்ண வேண்டியதில்லை. அதைத்தான் உங்களுக்கும் தர நினைக்கிறார். ஆனால் ‘ஆபரேஷன் பண்ணதிலிருந்து இடுப்பு வலி’ என்று அவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்களே, அதை அவரிடமே கொஞ்சம் விசாரியுங்கள். குழாயைக் கட்டுவதால் இடுப்பு வலி வருவதில்லை. 14 மாதத்தில் இரண்டு பிரசவம், ரத்தம் ஊறும் முன்னால் காட்டு வேலை என்று அவர் பட்டதை அவர் வாயாலேயே சொல்லக் கேட்டால், இடைவெளி எதற்கு என்பது அவருக்கே புரியலாம்.

28 வயதில் ஆபரேஷன் என்பதற்கு நான் அவசரப்பட மாட்டேன். 2004 டிசம்பர் 26-ஐ நினைத்துக்கொள்கிறேன். சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த நாகப்பட்டினம் பகுதித் தாய்மார் பலர் ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கட்டிய குழாயை மறுபடி இணைக்கும் அறுவை சிகிச்சையை அரசு அவர்களுக்கு இலவசமாகச் செய்துதர வேண்டியிருந்தது. எல்லோருக்கும் அது பலிக்கும் சிகிச்சையும் இல்லை. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. மீளக்கூடிய வழிகள் கையில் இருக்கும்போது, மீள முடியாததை இளம் வயதில் தொட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

‘அடுத்தது பையன்’ என்பதற்கு உங்கள் கணவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆணா பெண்ணா என்பது அவருடைய விந்தணுவில் இருக்கிறது. அடுத்ததும் பெண்ணானால் மூன்றாவதா என்று இப்போதே அவரிடம் கேட்டுவிடுங்கள். ஆணுறை பிடிக்கவில்லை என்பவரிடம் இன்னொன்றும் பேசலாம்: இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு ஆபரேஷன் தேவைப்பட்டால், தழும்பில்லாத வாசெக்டமி அவருக்கு இருக்கிறது. மரத்துப்போக ஊசி, பத்துப் பதினைந்து நிமிடம், தையல் இல்லை, ஆண்மைக்கு எந்தக் குறையும் வராது. அதற்குப் பிறகு மூன்று மாதம்வரை மட்டும் வேறு பாதுகாப்பு வேண்டும். இரண்டு முறை வயிறு கிழிபட்ட பெண்ணை மூன்றாவது முறையும் மேஜையில் ஏற்ற வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள். கோபமாகக் கேட்க வேண்டாம், பாப்பா தூங்கின பிறகு கேளுங்கள்.

கார்டு சோதனை முடிந்ததும், தாய்-சேய் நல அட்டையை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். சிசேரியன் டிஸ்சார்ஜ் சீட்டும் கையில் இருக்கட்டும். முடிந்தால் உங்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். ‘அம்மா ஒரு தடவை காப்பர்-டியைக் கையில் வாங்கிப் பார்க்கணும் டாக்டர்’ என்று கேட்டால் காட்டுவார்கள். எதைப் போடப்போகிறார்கள், ஏன், எப்போது எடுக்கலாம் என்று அம்மா முன்னாலேயே மருத்துவர் உங்களிடம் சொல்லி, உங்களிடம் சம்மதம் கேட்கட்டும். அதைச் செய்யாமல் தொட வருபவரிடம் ‘கொஞ்சம் இருங்க’ என்று நீங்களே சொல்லுங்கள்.